வண்டியை எவ்வளவு இறக்கலாம்?

தினமும் ஆபீஸ், பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை என்று ஓடும் சின்னக் காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்திப் பார்க்கும் ஆசை நம் ஊர் இளைஞர்களிடம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. காசைக் கட்டும் முன் எல்லோரும் கேட்பது, ‘அடி தட்டுமா?’ என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது.

2018 அக்டோபரில் டாடா மோட்டார்ஸ் ‘டியாகோ ஜே.டி.பி.’ என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தெருவுக்குத் தெரு பார்த்துப் பழகிய அதே டியாகோதான். ஆனால் பானெட்டுக்குக் கீழே 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 114 குதிரைத்திறன். இதை உருவாக்கியதில் டாடாவுக்குக் கைகொடுத்தது கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், மோட்டார் பந்தய உலகில் நெடுநாள் புழங்கிய நிறுவனம். இன்ஜினை முடுக்கியாயிற்று, டயரை அகலமாக்கியாயிற்று, சஸ்பென்ஷனை இறுக்கியாயிற்று. காரை எவ்வளவு இறக்கினார்கள்? சாதா டியாகோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டர். ஜே.டி.பி.யில் 166. நாலே நாலு மில்லிமீட்டர்!

அதே கோவையிலும் சென்னையிலும் ஸ்விஃப்ட், போலோ, ஐ20 வைத்திருப்பவர்கள் 35, 40 மி.மீ. இறக்கச் சொல்லி ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறார்கள். பந்தயம் தெரிந்தவர்கள் நாலோடு நிறுத்திக்கொள்ள, இவர்கள் பத்து மடங்கு போகிறார்கள். இடையில் உள்ள அந்த 36 மி.மீ.க்குள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுக்க இருக்கிறது.

சக்கரத்துக்கு மேலே ஒரு சந்து

ஆசைக்குக் காரணம் கண்ணுக்கே தெரியும். நம் ஊர் ஹேட்ச்பேக் எதையாவது பக்கவாட்டில் நின்று பாருங்கள். டயரின் மேல்விளிம்புக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நாலு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். ஐரோப்பாவில் விற்ற போலோவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, நம் சாலைக்காக ஃபோக்ஸ்வேகன் அதன் உயரத்தைக் கூட்டித்தான் அனுப்பியது. வடிவமைத்தவர் வரைந்த தோற்றம் ஒன்று, ஷோரூமுக்கு வந்தது இன்னொன்று. அந்தச் சந்தை மூடினாலே கார் பார்க்க லட்சணமாகிவிடுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காரை இறக்குகிறவர்களில் பெரும்பாலானோர் அழகுக்காகத்தான் இறக்குகிறார்கள்.

உலகம் முழுக்கவும் கதை இதேதான். கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் கார்களைத் தரையோடு தரையாக இறக்கி ஊர்வலம் போனார்கள். 1958-ல் அந்த மாநிலம், காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வரக் கூடாது என்று சட்டம் போட்டது. மறு வருடமே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் கார் எழும்பும், போனதும் படுத்துவிடும். அந்தச் சட்டத்தை முழுதாக நீக்க 2024 பிறக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் கோல்ஃப் ஜி.டி.ஐ. ரசிகர்கள் ஆஸ்திரியாவின் வோர்தர்ஸீ ஏரிக்கரையில் 1982-ல் ஆரம்பித்த கூட்டம், தாழ்த்திய ஹேட்ச்பேக்குகளின் திருவிழாவாகவே வளர்ந்தது.

ஆனால், அவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கார்கள். நாம் பேசுவது திங்கட்கிழமைக் காரைப் பற்றி. அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டு, மழை பெய்து தோண்டிப் போட்ட சாலையில் போயாக வேண்டிய கார்.

முதலில் தீர்வது எது?

முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரே தண்டாக நிற்கும் ஸ்ட்ரட் தெரியும். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்பெர்சனின் பெயரில் வழங்கும் அமைப்பு இது. 1950-ல் பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சலில் வந்து பரவியது. இன்று நம் ஊரில் ஓடும் ஏறக்குறைய எல்லா ஹேட்ச்பேக்கின் முன்பக்கமும் இதுதான். ஸ்பிரிங்குக்கு நடுவே ஷாக் அப்சார்பர். அதன் பளபளப்பான ராடைச் சுற்றி மேலே ஒரு ரப்பர் துண்டு. சில கார்களில் மஞ்சள் நுரைபோல இருக்கும். அதுதான் பம்ப் ஸ்டாப். பள்ளத்தில் விழுந்து சக்கரம் மேலே ஏறும்போது, ஸ்பிரிங்கால் தாங்க முடியாமல் போனால், கடைசியில் இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அந்த ரப்பர்.

கார் சும்மா நிற்கும்போது, சக்கரம் இனி மேலேறக் கொஞ்சம் தூரம் மிச்சம் இருக்கும். பேச்சுக்கு அதை 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரை 40 மி.மீ. இறக்கினால் என்ன ஆகும்? தரைக்கும் காருக்கும் இடையே 160 மி.மீ. இருந்தது 120 ஆகிறது. அதில் போனது கால் பங்கு. ஸ்ட்ரட்டுக்குள்ளே 80 இருந்தது 40 ஆகிறது. அதில் போனது பாதி. ‘அடி தட்டுமா?’ என்று கேட்பவர் முதல் கணக்கைப் பார்க்கிறார். காரைக் கெடுப்பது இரண்டாவது கணக்கு.

பாதித் தூரத்துக்குள் அதே அடியை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றால், அது எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? இரண்டு மடங்கு என்று தோன்றும். ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் உண்மையில் நாலு மடங்கு வேண்டும். சந்தையில் விற்கும் ‘லோயரிங் ஸ்பிரிங்’ எதுவும் அத்தனை இறுக்கமாக வருவதில்லை. வந்தால் அந்தக் காரில் முதுகெலும்போடு உட்கார முடியாது. மீதி வேலையெல்லாம் பம்ப் ஸ்டாப் தலையில் விழுகிறது. எப்போதோ ஒரு முறை தொட வேண்டிய ரப்பர், பள்ளத்துக்குப் பள்ளம் அடிவாங்குகிறது. ‘டங்’கென்று ஒரு சத்தம் கேட்டு, பின்சீட்டில் இருப்பவர்கள் தூக்கிப் போடப்படுவது அப்போதுதான். ஸ்பிரிங் இறுக்கம் என்று ஓட்டுபவர் நினைப்பார். அங்கே ஸ்பிரிங்குக்கு வேலையே முடிந்துபோயிருக்கும்.

இதோடு ஆட்களின் எடையைச் சேருங்கள். ஐந்து பேர், ஆளுக்கு 70 கிலோ, அவர்கள் பைகள் என்றால் 400 கிலோ. சின்ன ஹேட்ச்பேக்கின் சொந்த எடையில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தச் சுமை பெரும்பாலும் பின்பக்கம் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் தூரத்திலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்த்து, ‘சூப்பரா இருக்கு ப்ரோ’ என்று சொல்லும் விமர்சனத்தை நம்பிக் குடும்பத்தோடு பழநிக்குக் கிளம்புகிறவர், ஒட்டன்சத்திரம் தாண்டும் முன் வித்தியாசத்தை உணர்ந்துவிடுவார்.

வெட்டினால் என்ன?

செலவில்லாத வழி ஒன்று உண்டு. கிரைண்டரை எடுத்து இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது. ஒரு மணி நேர வேலை, ஒரு டீ செலவு. வேலை செய்யும் சுற்று ஐந்தில் ஒன்றை வெட்டினால், மிச்ச நாலு சுற்றின் இறுக்கம் 25 சதவீதம் கூடும். ‘இறங்கியும் ஆச்சு, இறுகியும் ஆச்சு’ என்று பார்த்தால் லாபம்தானே?

சிக்கல் நுனியில் இருக்கிறது. கம்பெனி ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அடித்தட்டின் பள்ளத்தில் கச்சிதமாகப் படியும்படி வளைந்திருக்கும். வெட்டிய நுனி அங்கே உட்காராது. ஒரே புள்ளியில் நின்று குத்தும். ஸ்பிரிங் குட்டையாகிவிட்டதால், வேகத்தடை தாண்டிச் சக்கரம் கீழே தொங்கும்போது தட்டை விட்டு விலகிக் கோணலாகத் திரும்பி உட்காரவும் கூடும். கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை உட்கார வைப்பவர்களும் உண்டு. எஃகுக்கு உறுதி தந்த பதமே அந்தச் சூட்டில் போய்விடும். அது பிறகு ஸ்பிரிங் இல்லை, வெறும் கம்பி.

நல்ல லோயரிங் ஸ்பிரிங்கில் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருப்பதைப் பார்க்கலாம். சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையிலும் ஸ்பிரிங் தட்டை விட்டு நகராமல் பிடித்து வைக்கத்தான் அந்த நெருக்கம். ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற நிறுவனங்கள் இதற்கே பெயர்பெற்றவை. அங்கே இந்த ஸ்பிரிங் வெறும் பெட்டியில் வருவதில்லை. எந்த மாடலுக்கு, எவ்வளவு அச்சுச் சுமை வரை பொருத்தலாம் என்ற சான்றிதழோடு வருகிறது. பொருத்திய பின் பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். நம் ஊருக்கு ஸ்பிரிங் மட்டும் வந்துசேர்ந்தது. கூடவே வர வேண்டிய அந்த நடைமுறை வரவில்லை.

வளைவில் கிடைப்பதும் போவதும்

‘கார் தாழ்ந்தால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்’ என்பது பாதி உண்மை. காரின் எடைமையம் தரையிலிருந்து 540 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 30 மி.மீ. இறக்கும்போது வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் சுமை ஆறு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் குறையும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறும்போது ‘கார் சாயவே இல்லை’ என்று தோன்றுகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இறுக்கமான ஸ்பிரிங்கும் புது ஷாக்கும்தான், உயரம் கொஞ்சம்தான்.

மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், கம்பெனி உயரத்தில் சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். காரை இறக்க இறக்க அது படுக்கையாகி, பிறகு எதிர்த்திசையில் சாயத் தொடங்கும். அப்படி ஆகும்போது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள நெம்புகோல் நீள்கிறது. ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டாமல் காரை மட்டும் இறக்கினால், முன்னைவிட அதிகமாகச் சாயக்கூடிய காரைத்தான் காசு கொடுத்து வாங்கியிருப்போம். அளவு மீறினால் இன்னொன்றும் உண்டு. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வளைவில் நகராமல் ஆளுக்கொரு வழியில் போக, பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகக் கொஞ்சம் திரும்பும்.

டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்வதும் இறக்கிய கார்களின் அடையாளம். சக்கரம் உள்ளே சாய்ந்து நிற்பதால் இப்படி ஆகிறது என்பார்கள். அந்தச் சாய்வைவிடப் பெரிய திருடன் ‘டோ’, அதாவது இரண்டு சக்கரமும் நேர்கோட்டில் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. காரை இறக்கினால் டோ கட்டாயம் மாறும். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் எடுத்துப்போனால் ஒரு செட் டயர் அகாலத்தில் போகும்.

வேகத்தடையின் குற்றம்

இனி, எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்விக்கு வருவோம். அடி தட்டுமா?

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வரையறைப்படி, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்ட வேண்டிய வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் 17 மீட்டர் ஆரமும் கொண்ட மெதுவான மேடாக இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர். நாலு சக்கரமும் மேட்டின் மேலே இருக்கும்போது, நடுவில் மேடு காரின் வயிற்றை நோக்கி எழுவது வெறும் 44 மி.மீ. ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163. அதை 40 மி.மீ. இறக்கினாலும் 123 மிஞ்சும். ஆள் ஏறி, கார் இன்னும் அமுங்கினாலும் மெதுவாகப் போனால் உரசாது.

நம் தெருவில் இருப்பது அந்த மேடா? ஓர் இரவில் தாரைக் கொட்டி, ஒரு முழ அகலத்துக்குச் சுவர்போல எழுப்பி, பெயின்ட்டும் அடிக்காமல் விட்ட மேடுகள்தான் அநேகம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அப்படியே நுழைந்துவிடும் அந்த மேட்டின் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக நிற்கும். 15 செ.மீ. உயரத்தில் அப்படி ஒன்று இருந்தால், இறக்கிய ஸ்விஃப்ட் தட்டும். குடும்பத்தோடு வரும் இறக்காத ஸ்விஃப்ட்டும்தான் தட்டும். ஆயில் சம்ப் உடைந்து நடுரோட்டில் நின்ற கார்கள் எல்லாம் இறக்கியவை அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி பார்க்கிங் சரிவும் இதே வகைதான். சரிவு முடிந்து தரை தொடங்கும் முனை கூர்மையாக இருந்தால், பம்பரோ வயிறோ ஒன்று உரசியே தீரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

‘ஆர்.சி.யில் ஸ்பிரிங்கின் உயரம் எழுதியில்லையே’ என்று வாதிடுபவர்கள் உண்டு. சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் அந்த வாதம் எடுபடும் என்று உத்தரவாதம் இல்லை. வாளையாறு தாண்டினால் சந்தேகமே வேண்டாம், கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கறார். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால் இழப்பீட்டில் கை வைக்கக் காரணமாகலாம். சஸ்பென்ஷன் வாரன்டி போவது நிச்சயம். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

செய்வதென்றால்…

அத்தனைக்கும் பிறகும் ஆசை விடவில்லை என்றால், தினசரி ஓட்டும் காருக்குச் சில வரையறைகள் உண்டு.

● 30 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அதற்குள்ளேயே சக்கரத்துக்கு மேலுள்ள சந்து நன்றாகக் குறைந்துவிடும்; பல கார்களில் லோயர் ஆர்மும் தலைகீழாகச் சாயாது.

● ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதீர்கள். பழைய ஷாக், புது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க முடியாமல் சீக்கிரம் ஓய்ந்துவிடும். பில்ஸ்டீன் நிறுவனமே கம்பெனி உயரத்துக்கு பி6, இறக்கிய காருக்குக் குட்டையான பி8 என்று தனித்தனியாகச் செய்வது சும்மா இல்லை.

● ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக, உயரத்தை மாற்றும்படி வரும் காயில்ஓவர் வாங்கினால், அடிப்பகுதியைத் திருகி உயரத்தை மாற்றும் வகையாகப் பாருங்கள். ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கும் வகையில் ஷாக்கின் தூரம் குறையும். முதல் வகையில் அது குறையாது. ஆனால் டயர் மேலேறி ஃபெண்டர் உள்ளுறையில் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

● வேலை முடியும் நேரத்தில் மெக்கானிக்கின் பக்கத்தில் நில்லுங்கள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டை, கார் ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் அந்த ரப்பர், பிழிந்த ஈரத்துணியை அப்படியே கொடியில் போட்டதுபோல முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் அந்தக் கடைசி முறுக்கு.

● உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர்க் காற்று குறைந்தாலே கணக்கு மாறும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, நாலு பக்கமும், வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள்.

● ஸ்பிரிங் சில நூறு கி.மீ. ஓடிப் படிந்த பிறகு அலைன்மென்ட்டை இன்னொரு முறை பாருங்கள். ஹெட்லைட் எங்கே விழுகிறது என்பதையும் சரிபாருங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால், பத்து ரூபாய்கூட ஆகாத ஒரு சோதனை இருக்கிறது. பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை எடுத்து, பின்பக்க ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளி, அந்தப் பளபளக்கும் ராடைச் சுற்றி நகரும் அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். அதைக் கீழே, ஷாக்கின் உடலை ஒட்டித் தள்ளிவிட்டு உறையை மூடுங்கள். பிறகு வழக்கம்போல ஒரு வாரம் ஓட்டுங்கள். ஒரு நாளாவது வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியதோ, அந்த உயரத்துக்கு டை ஏறி நின்றிருக்கும்.

அங்கிருந்து பம்ப் ஸ்டாப் வரை மிச்சமிருக்கும் மில்லிமீட்டர்தான், காரை இறக்கச் செலவழிக்க உங்கள் கையில் உள்ள இருப்பு. தாராளமாக மிஞ்சினால் அதற்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். டை இப்போதே ரப்பரைத் தொட்டு நின்றால், உங்கள் கார் கம்பெனி உயரத்திலேயே கைவசம் உள்ள தூரத்தையெல்லாம் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஸ்பிரிங் காசை நல்ல ஷாக்குக்கும் நல்ல டயருக்கும் போடுங்கள்; வால்பாறை வளைவில் நீங்கள் தேடும் பிடிமானத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.